அப்பா குளத்தில் வீசிய வலை

அன்று கூண்டு வண்டியில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, நான், வண்டியை ஓட்டிய மாமா. மாமா அம்மாவின் அண்ணன். அவர் மகனுக்குத்தான் அக்காவைப் பேசியிருந்தது. மாப்பிள்ளை வரவில்லை. கல்யாணத்துக்கு முன் பெண்ணோடு ஒரே வண்டியில் ஏறுவது முறையில்லை. குளக்கரையில் நடந்ததை இன்று பலவிதமாகப் பேசும் உறவினர் ஒருவரும் அங்கே இல்லை என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர்கள். சிறு வயதிலேயே தம் தகப்பனாரைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். சங்கு குளிக்கும் காலத்தில் தோணியில் போய் மூழ்குவார்கள். மற்றக் காலத்தில் வலை. மூழ்கி மூழ்கி இடது காது செவிடாயிற்று. எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கற்றவன் நான். என் பள்ளிக்கூடச் சம்பளம் அந்தக் காதை விற்று வந்தது என்றே சொல்வேன்.

யுத்தம் முடிந்த மறு கோடையில், "உப்புத்தண்ணியப் பாத்தே கண்ணு பூத்துப் போச்சு மச்சான், நல்ல தண்ணியப் பாத்துட்டு வருவோம்" என்று மாமா வண்டி கட்டினார். உள்ளே வைக்கோல் மெத்தை, கீழே தொங்கும் பானை, அடுப்புக்கு மூன்று கல். சமையல், உறக்கம் எல்லாம் வண்டியோடுதான். ஆத்தூர் வெற்றிலைக்கொடிக்கால்களைத் தாண்டி, தாமரை மூடிய ஒரு குளத்தையும் நாரைகள் நின்ற ஒரு குளத்தையும் பார்த்தோம். அப்பா குழந்தைபோல் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்து, "இம்புட்டும் இனிப்பா!" என்றார்கள்.

அடுத்த குளம் வற்றிக் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் மீன் புரண்டது. நாங்கள் மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருக்க, அப்பா வீச்சுவலையை எடுத்து இறங்கிவிட்டார்கள். கரையில் காவல்காரன் கத்தியது செவிட்டுக் காதுப் பக்கம். அவன் ஆட்களோடு தண்ணீரில் இறங்கிக் கையைப் பிடித்தபோதுதான் அப்பா திரும்பினார்கள்.

"ஏலே, ஒங்க அப்பன் வெட்டுன கொளமா?"

"தண்ணியில கெடக்க மீனுக்கு ஆளு உண்டா அண்ணாச்சி?"

அப்பா உண்மையாகவே கேட்டார்கள். கடலில் வலை விழுந்தால் மீன் வலைக்காரனுக்கு; அவர்கள் அறிந்த நியாயம் அதுதான். குளத்து மீனை ஊர் ஏலம் விட்டு ஒருவர் குத்தகைக்கு எடுப்பார் என்பது எங்கள் ஐவரில் ஒருவருக்கும் தெரியாது.

கூடியவர்கள் சிரித்தார்கள். "கடலுக்கே சொந்தக்காரரு வந்திருக்காருடே!"

மீனோடு வலையை அப்பாவின் தலையில் ஏற்றி, தெரு வழியே சாவடிக்கு நடத்தினார்கள். தண்ணீர் முகத்தில் வழிந்தது. கிணற்றடிப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பின்னால் வந்த வண்டிக்குள் அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். மாமா மாடுகளை மட்டும் பார்த்து ஓட்டினார். சம்பந்தம் முறிந்தது என்றே நான் நினைத்தேன்.

குத்தகைக்காரர் நல்ல மனிதர். "கடக்கர ஆளு, தெரியாம செஞ்சிட்டீய. வலைய எடுத்துட்டுப் போங்க," என்றார்.

அப்பா அசையவில்லை. "சும்மா விட்டீயன்னா களவாணிப் பேரு எங்கூடயே வரும். தண்டத்தச் சொல்லுங்க. எம் மச்சான் பாத்துக்கிட்டு நிக்காரு."

ஊர் தண்டம் சொன்னது. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்கள். வலையை அப்பா திரும்ப எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் ஆத்தூர்க் கொடிக்கால்கள் மறுபடி தென்பட்டன. அங்கே மாமா அம்மாவிடம், "ஏளா, அழாத. கல்யாணம் நடக்கும். விருந்துக்கு மட்டும் கடல்மீனு போடச் சொல்லு," என்றார். அம்மா அழுகையோடு சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. அதன்பின் மாமா எதிரே வந்தால் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசிக் காய்ச்சலில் என்னை அழைத்து, "என்னப் பத்தி எழுதுனா இதையும் எழுதுலே. வேற ஆளு வாயில வேண்டாம்," என்றார்கள். எழுதிவிட்டேன்.

இரவெல்லாம் உடனிருந்த அண்டை வீட்டாருக்கும், செபித்த பங்குச் சாமியாருக்கும், தாமே தோள்கொடுத்து அப்பாவின் பெட்டியைத் தூக்கிய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டது. அக்கா ஏன் பழைய நூல்சேலையோடு கோவிலேறினாள் என்று இன்றும் கேட்கிறவர்களுக்கு: கல்யாணச் சேலை எடுக்க அம்மா முடிந்து வந்த பணந்தான் சாவடியில் போயிற்று. சிலர் சொல்வதுபோல் ஐம்பதும் அல்ல, நூறும் அல்ல. பதினைந்து ரூபாய்.