நாங்க என்றால் எத்தனை பேர்

சலவை எந்திரக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவருக்கு வேலை. ஆபீஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. படுக்கையறையில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேசை, காதில் ஹெட்போன். யாராவது உள்ளே வந்தால் உள்ளங்கையை விரித்து 'இரு' என்று காட்டுவார். வாடிக்கையாளர் அழைப்பில் வேறு குரல் பதிவானால் மேலாளர் பிடித்துக்கொள்வார்.

சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரிடம், "கவலைப்படாதீங்க, நாம சரிபண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டார். மெஷினைக் கழற்றப் போவது அந்தப் பெரியவருமா என்று மேலாளர் வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றோடு 'நாம்' போயிற்று, 'நான்' போயிற்று. 'நாங்கள்' மட்டும்தான். கம்பெனியில் ஒருவர் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. ஆனாலும் நாளெல்லாம் அந்த 'நாங்கள்' அவர் வாயால் வருந்தியது, ஆவன செய்வதாகச் சொன்னது.

மனைவிக்கு வேறு ஊரில் தலைமை நர்ஸ் பதவி வந்தது. அவருக்கும் போக ஆசைதான். ஆனால் வேறு ஊர் வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கம்பெனியின் அனுமதி வேண்டும். எழுதிக் கேட்டார். நாங்கள் பரிசீலித்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? வேலையை உதறவும் துணிச்சல் இல்லை.

சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "நாம போறோமா இல்லையா?"

"நாங்க பாத்துட்டு சொல்றோம்."

மகளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "அம்மா, புகார் நம்பர் வாங்கிக்கோ" என்றாள். மனைவியும் சிரித்தாள். பிறகு தட்டைத் தள்ளிவைத்தாள்.

"நாங்கன்னா யாருங்க? அதுல நான் இருக்கேனா?"

வாய் தவறிவிட்டது என்றார். சரி, இப்போது ஒழுங்காகச் சொல்லுங்கள் என்றாள். 'நாம' என்று ஆரம்பித்தார். அதை முடிக்க வேண்டுமானால் ஒரு முடிவு வேண்டும். 'நாங்க'வுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

சனிக்கிழமை காலை, கைபேசியோடு அறை வாசலுக்கு வந்தாள். புது ஊர் வீட்டுக்காரரிடம், "ஆமாங்க, நாங்க வர்றோம்" என்றாள். அதில் தானும் உண்டா என்று அவர் நிமிர்ந்தார்.

"எத்தனை பேரா?" என்றவள், அவரைப் பார்த்தாள்.

காதில் ஓர் அம்மா, தரையெல்லாம் தண்ணீர் என்று திட்டிக்கொண்டிருந்தார். இவர் வாய் திறக்க முடியாது. மூன்று விரலைக் காட்டினால் போதும். கை உயர்ந்தது. உயர்ந்த கை பழக்கத்தில் விரிந்து, 'இரு' என்றது.

அவள் கொஞ்சம் இருந்தாள்.

"ரெண்டு பேருதாங்க" என்று போனில் சொல்லிக்கொண்டே, சத்தம் உள்ளே வராதபடி கதவைச் சாத்தினாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் அவர். "நாங்க கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்."