அமுலு அசையவில்லை

சாலவாக்கத்தில் ஒரு கல்யாணச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உத்திரமேரூர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கோபித்துக்கொண்டு கிளம்பியதாக நினைக்க வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். நிற்பது என்பதே எனக்கு வராத வித்தை. ஏழாம் வகுப்பில் பெஞ்சு மேல் நிற்கச் சொன்ன வாத்தியாரிடம் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி நடந்தவன், இன்னும் முழுதாக நின்றபாடில்லை.

ஏரிக்கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் ஆடிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கேரியரில் சாய்த்து வைத்த செல்போன் அவர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஆடி முடித்து, ஓடிவந்து பார்த்து, "தூ, நல்லால்ல" என்று அழித்துவிட்டு மறுபடியும் ஆடினார்கள். அவர்களைக் கடக்கும்போது வேர்வையும் பவுடரும் கலந்த வாசனை ஒன்று வந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பகல் முழுக்க அதற்குள் நின்றிருக்கிறேன்.

அன்றும் ஓர் இடத்தை விட்டு நடந்துகொண்டுதான் இருந்தேன். உத்திரமேரூரில் அரிசி ஆலை வேலை. தவிட்டுத் தூசியில் இருமல் பிடித்துக்கொண்டது. ஆலைக்காரர் இருமாமல் வேலை செய்யச் சொன்னார். கிளம்பிவிட்டேன். திருப்புலிவனத்துக்கு அருகே ஒரு வேன் சேற்றில் புதைந்து கிடந்தது. தள்ளிவிட்டேன். உள்ளே மெட்ராசில் சினிமா படிக்கும் மூன்று மாணவர்கள், ஒரு கேமரா, ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு குண்டான் தயிர்சாதம். தயிர்சாதத்தைப் பார்த்ததும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். வெள்ளித்தாள் ஒட்டிய பலகை ஒன்றைக் கொடுத்து, வெயிலை அதில் பிடித்து நடிப்பவர்கள் முகத்தில் அடிக்கச் சொன்னார்கள். இதற்கெல்லாம் ஓர் ஆளா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்கத்தான் நினைத்தேன். வாயில் சோறு இருந்தது.

பரீட்சைக்காக ஒரு பாட்டைப் படமாக்க வந்திருந்தார்கள். நடிகர்கள், ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். குருவிகளைப் போலப் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள் என்று வரும் பாட்டு. டைரக்டரின் நண்பர் பாடி டேப்பில் பதிந்தது. அவருக்கு அன்று ஜலதோஷம் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் மரியாதையாக முழுவதையும் கேட்டார்கள். "குத்து எப்பண்ணா வரும்?" என்று ஒருவன் கேட்டான்.

அந்த மூவரில் டைரக்டர் தாடிக்காரர். "ஆக்‌ஷன்!" என்றார். அதுவரை குரங்குகளாகத் தாவிக்கொண்டிருந்த அத்தனை பேரும், கேமரா ஓடும் சத்தம் கேட்டதும் கைகளைத் தொடையோடு ஒட்டி, மோவாயைத் தூக்கி, கண்ணை அகல விழித்து நின்றுவிட்டார்கள்.

"ஓடுங்கப்பா! ஏன் நிக்கிறீங்க?"

"போட்டோ புடிக்கறப்போ ஆடக் கூடாதுண்ணா."

முந்தைய வருடம் பள்ளியில் குரூப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். அசைந்தால் முகம் கெட்டுவிடும் என்று போட்டோக்காரர் எச்சரித்திருக்கிறார். ஒரு பையன் மட்டும் கொசுவுக்காகத் தலையை ஆட்டிவிட்டான். படத்தில் அவன் கழுத்துக்கு மேல் வெறும் புகை. அன்று முதல் அவன் பெயரே புகை. சாட்சி சொல்ல அவனே முன்னால் வந்தான்.

"என்னப் பாருண்ணா. ஒரு வாட்டி ஆடுனதுக்கு எங்கம்மாகூட பொகைன்னுதான் கூப்புடுது."

டைரக்டர் கேமராவின் உள்விவகாரங்களை விளக்கினார். யாருக்கும் ஏறவில்லை. கடைசியில் புகைதான் வழி காட்டினான். இனிக் கெடுவதற்குத் தன் முகத்தில் ஒன்றும் பாக்கியில்லை என்று அவன் ஓட, அவனைத் துரத்திக்கொண்டு மற்றவர்கள் ஓடினார்கள். ஒருத்தியைத் தவிர.

அமுலு. எட்டு, ஒன்பது வயதிருக்கும். முகத்தில் அரை டப்பா பவுடர். எல்லோரும் ஓடும் நடுவில் நட்ட கல்லாக நின்றாள். "கட்" சொல்லிச் சொல்லி டைரக்டரும் பாடிய நண்பரின் குரலுக்கே வந்துவிட்டார். ஃபிலிமோ கொஞ்சம்தான் இருந்தது. "அந்தப் பொண்ண ஓரமாப் போகச் சொல்லுய்யா" என்று என்னை அனுப்பினார்.

"ஏன் அமுலு, பொகையே ஓடறான். நீ ஏன் ஓட மாட்டேன்ற?"

"ஓடுனா மூஞ்சி தெரியாது. எங்க நைனா மெட்ராஸ்ல கீறாரு. அடையாறு பாலத்தாண்ட மாடி வூடு கட்டிக்கினு கீறாங்க, அங்க கொத்து வேலை. இந்தப் படம் மெட்ராஸ்லதானே காட்டுவீங்க?"

"ஆமா."

"அவரு வூட்டுக்கு வந்து ரெண்டு தீவாளி ஆச்சி. நான் வளந்துட்டேன். ஓடிக்கினு வேற இருந்தா எப்பிடிக் கண்டுபுடிப்பாரு?"

டைரக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"இது பரீட்சைப் படம்யா. எங்க வாத்தியாருங்க பாப்பாங்க, அதோட பொட்டிக்குள்ள போயிடும்."

"அதை நீங்களே அந்தப் பொண்ணாண்ட சொல்லுங்க சார்."

விறுவிறுவென்று போனார். அவள் எதிரில் குந்தினார். "உங்கப்பா பேரென்ன?" என்று கேட்டார். "கன்னியப்பன்" என்றாள். எழுந்து திரும்பி வந்துவிட்டார். தாடி வளர்ந்த அளவுக்கு அவருக்கு நெஞ்சு கெட்டிப்படவில்லை.

மீதியிருந்த ஃபிலிம் முழுவதையும் அவள் முகத்துக்கே வைத்தார். நான் பலகையைச் சாய்த்து வெயிலை அவள் மேல் அடித்தேன். கண்ணில் நீர் கோத்து, பவுடரில் கோடு போட்டு இறங்கியது. இமை அசையவில்லை. ஃபிலிம் தீர்ந்து கேமரா வெறுமனே கடகடத்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள். முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டாள்.

வேன் கிளம்பியபோது கூடவே ஓடிவந்தாள். இப்போது மட்டும் என்ன ஓட்டம்!

"நைனா பாப்பாரு இல்லண்ணா?"

"பாப்பாரு" என்றேன். வேறென்ன சொல்வது?

அந்தப் படத்தை நானும் பார்த்ததில்லை. பல வருடம் கழித்து டைரக்டரை ஒரு விளம்பர ஆபீசில் சந்தித்தேன். தாடி போயிருந்தது. படமும் போயிருந்தது. டப்பாவைத் திறந்தபோது ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டி, புளித்த காடி நெடி அடித்ததாம். தூக்கிப் போட்டுவிட்டாராம்.

எனக்கு மிஞ்சியது படம் பிடித்த மறுநாள் காலை மட்டும். மெட்ராசில் வேனை விட்டு இறங்கி, பாலத்தருகே அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்தேன். "வேலைக்குன்னா உள்ள போ, விசாரிக்கன்னா வெளிய நில்லு" என்றார் வாட்ச்மேன். நிற்பதுதான் எனக்கு வராதே. உள்ளே போனேன். மேஸ்திரி ஒரு சும்மாட்டைக் கொடுத்து, தலையில் கலவைச் சட்டியை ஏற்றினார்.

இரண்டாம் மாடியில், மேஸ்திரி கைகாட்டிய இடத்தில், அமுலுவின் நைனா கன்னியப்பன் சுவர் பூசிக்கொண்டிருந்தார்.

"உங்க அமுலுவ சினிமாப் படம் புடிச்சாங்கண்ணே."

கரண்டி நின்றது. "எந்தக் கொட்டாயில ஓடுது?"

"எங்கயும் ஓடாது. அதான் நான் வந்தேன்."

"ஆடிச்சா?"

"இல்ல. நீங்க அடையாளம் கண்டுக்கணும்னு அசையாம நின்னுது."

கரண்டியைச் சட்டி விளிம்பில் வழித்தார். பிறகு, "இன்னா ஒசரம் கீது?" என்றார். பூசாத தூண் ஒன்றில் கை வைத்துக் காட்டினேன். கரண்டி முனையால் அந்த இடத்தில் ஒரு கோடு கீறி, அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

"பொய் சொல்ற நீ."

"தலையில ரிப்பன் இருந்துது. ஒரு விரக்கடை வேணா கொறைச்சிக்குங்க."

சிரித்தார். "சனிக்கியமை ஊருக்குப் போவணும்" என்று தூணிடம் சொன்னார்.

சுற்றிலும் பூசி முடித்தார். அந்தத் தூணை மட்டும் விட்டு வைத்தார். மேலே ஏறி வந்த மேஸ்திரி, "இன்னாய்யா இது, தூணை உன் மாமனாரு வந்து பூசுவாரா?" என்று கத்தினார். கன்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த சட்டிக்குப் படியிறங்கினேன். அந்தக் கோட்டை மூடுவதற்கான கலவையைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் அன்று காலை நான் ஏற்றுக்கொண்ட வேலை.