பட்டியலில் இல்லாத மச்சான்

என் மனைவியின் தம்பி பனி கொட்டும் ஒரு நாட்டில் குடியேறிப் பல வருஷமாகிறது. போன வருஷம் அந்த நாட்டுக் குடியுரிமையும் கிடைத்தது. கிடைத்த வாரமே போன் செய்தான்.

"மச்சான், இங்க மான் வேட்டைக்கு லைசென்ஸ் குடுக்கறாங்க. சீசனுக்கு வந்துருங்க. ஒருக்காவாச்சும் உங்களோட காட்டுக்குப் போயாகோணும்."

"நானு எங்க மாப்ள துப்பாக்கி புடிச்சேன்?"

"சுடறது நானு. நீங்க கத்துனாப் போதும்."

என்னை அறிந்தவன். எங்கள் மலையூரான மாரமங்கலத்தில் பொங்கல் முடிந்ததும் ஆண்கள் வேட்டைக்குக் கிளம்புவது வழக்கம். ஃபாரஸ்ட்காரர்கள் கண்டிப்பானதும் அது பெயருக்கு ஒரு ஓட்டமாகச் சுருங்கியது. அந்தக் கடைசி வருஷங்களில் நாங்கள் இருவரும் புதரை அடித்துக் கத்தும் படை. நான் கத்தியதில் முயலெல்லாம் சேலத்துக்கே இறங்கியிருக்கும். அத்தனை வேட்டையிலும் நான் சுட்டது சர்க்கரைவள்ளிக் கிழங்கு மட்டும். ஆனால் மூடுபனிக்குள், காப்பிச் செடிகளின் நடுவே, ஈரச் சட்டையோடு அவன் பக்கத்தில் ஓடிய அந்தக் காலைகளைப் போல அப்புறம் எதுவும் வாய்க்கவில்லை. அவன் ஊருக்கு வந்தே ஏழெட்டு வருஷம் இருக்கும்.

நான் பக்கத்துத் தலைச்சோலை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். ஊரார் விண்ணப்பமெல்லாம் எழுதிக் கொடுப்பவன். அந்தத் திமிரில், விதிமுறைகளைப் படிக்கும் முன்பே ஒண்டிக்கடை பஜாரில் ஜெர்க்கின் வாங்கி, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் மான் கதை அளந்துவிட்டேன். பிறகுதான் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பெண் திரையைப் பார்த்துப் படித்துச் சொன்னாள்.

"அங்கயே குடியிருக்கறவங்களுக்கு லைசென்ஸ் ஈஸிங்க. வெளிநாட்டுக்காரங்கன்னா ஒரு கைடை வெச்சுக்கோணும். இல்லீன்னா, குடியுரிமை இருக்கற சொந்தக்காரங்க கூட்டிட்டுப் போலாம்."

"நாந்தான் சொந்தம் கண்ணு. அக்கா புருஷன்."

"அம்மா, அப்பா, புள்ளைங்க, கூடப் பொறந்தவங்க. அவ்ளோதானுங்க இருக்குது. அக்கா புருஷன் இல்லீங்க."

"நானு வேட்டையாடலியே. சும்மா கத்தத்தான போறேன்."

அவள் கீழே நகர்த்தினாள். "வெரட்டறதும் வேட்டைதானாமுங்க."

கைடு கட்டுப்படியாகாது என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டான். நான் திருட்டுத்தனமாகப் போய்க் கூச்சல் போட்டு மாட்டிக்கொண்டால் அவன் லைசென்ஸும் போகும். வீட்டுக்கு வந்து அந்த நாட்டுச் சட்டத்தைத் திட்டினேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமல் கேட்டாள்.

"ஏனுங்க, கூடப் பொறந்தவங்கன்னா அக்காளும் உண்டுங்களா?"

"உண்டு."

"அப்ப நானு போறனுங்க. பொம்பளப் புள்ளையின்னு என்னைய ஒரு நாளும் காட்டுக்குக் கூட்டிட்டே போகலீங்களே."

அவளுக்கும் தம்பியைப் பார்க்காத வருஷங்கள் அத்தனைதான். வீட்டு மாடுகளைப் பார்க்க ஆளில்லாமல் இருவரும் போக முடியாது. சும்மா அவன் வீட்டில் உட்கார்ந்துவர நான் போவதைவிட, காட்டுக்கே போகத் தகுதி உள்ளவள் போவதுதான் நியாயம். அவள் விண்ணப்பத்தையும் நானே எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. ஜெர்க்கின் கை அவளுக்கு நீளம், மடித்து விட்டேன்.

அவள் கிளம்பிப் போன பத்தாம் நாள் போன் செய்தாள். குரலில் இருபது வயது குறைந்திருந்தது.

"தம்பி மான் அடிச்சுட்டானுங்க. நானு பக்கத்துலயே இருந்தேன். மூச்சுகூட உடலீங்க."

எங்கள் மலையில் கறியைக் கூறு போடும்போது, வர முடியாமல் ஊரில் இருப்பவனுக்கும் ஒரு கூறு வைப்பார்கள். மாப்பிள்ளை போனை வாங்கினான்.

"மச்சான், உங்க கூறும் எடுத்து வெச்சுட்டேன். ஊருக்குக் குடுத்துவுட முடியாது. என்ன பண்ணட்டும்?"

"பக்கத்து ஊட்டுக்காரனுக்குக் குடுத்துரு."

மறுநாள் திரும்பப் பேசினான்.

"குடுத்துட்டேன் மச்சான். எதுக்குன்னு கேட்டான். எங்க மச்சானோடதுன்னேன். அவுரு எங்கேன்னு கேட்டான்."

"என்ன சொன்ன?"

"ஊட்டுல மாட்டப் பாத்துக்கறாருன்னேன்."