நாற்பத்தொன்பது பேருக்கு மேல் கூடாது

எல்டன் கசினெல்லிக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போனால் கேக் வெட்டும் முன்பே கார் சாவியைத் தேடுகிற மனிதர். அப்பேர்ப்பட்டவர், தன் இடத்தில் இன்னும் நிறையப் பேரைச் சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்தின் படி ஏறி இறங்கினார் என்றபோது எங்கள் ஊரான பிளம் கிரீக்கில் ஒருவரும் நம்பவில்லை. அவருக்கே நம்பிக்கை இல்லை என்பதுதான் வேடிக்கை.

மலைச்சரிவில் அவருக்குத் திராட்சைத் தோட்டம். பார்பெரா வகைக் கொடிகள். பழத்தைப் பிழிந்து ஒயின் ஆக்குவது வரை அவர் பாடு. விற்பது மனைவி யோலண்டாவின் பாடு. பழைய டிராக்டர் கொட்டகையைக் கழுவி, வெள்ளையடித்து, ருசி பார்க்கும் கூடமாக்கியவள் அவள்தான். சனிக்கிழமையானால் சாக்ரமெண்டோ நகரத்திலிருந்து கார்கள் வரும். வருகிறவர்களுக்கு அவள் ஊற்றுவாள், பேசுவாள், சிரிப்பாள், பெயர் சொல்லி நாயைக்கூட விசாரிப்பாள். எல்டனோ தோட்டத்தின் கடைக்கோடியில் உடையாத சொட்டுநீர்க் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்.

கூடத்து வாசலில் ஒரு பலகை உண்டு. நாற்பத்தொன்பது பேருக்கு மேல் கூடாது என்று தீயணைப்புத் துறை மாட்டியது. அதை யாரும் படித்ததில்லை. வெயில் நாளில் பாதிப் பேர் ஓக் மரத்தடியில் நிற்பார்கள். எண்ணுவதற்கு அவசியமே வராது. ஒரு நவம்பரில் அவசியம் வந்தது. சந்தா கட்டிய ஒயின் கிளப் உறுப்பினர்கள் தங்கள் பங்கு ஒயின் பெட்டியை வாங்கிப்போகும் நாள். மதியம் மழை பிடித்துக்கொண்டது. மரத்தடிக் கூட்டம் முழுவதும் நனைந்த நாய்களோடு உள்ளே புகுந்தது. பெட்டி வாங்க வந்திருந்த உறுப்பினர்களில் ராய்ஸும் ஒருவன். எல்டனோடு பள்ளியில் படித்தவன். வேலை, தீயணைப்பு ஆய்வாளர். சின்ன ஊரில் இப்படித்தான், குடிக்க வருகிறவனே கதவைப் பூட்டுகிறவனாகவும் இருப்பான்.

"ஏம்ப்பா எல்டன், உள்ள எத்தன பேரு இருக்காங்க தெரியுமா?"

"யோலண்டாவக் கேளு."

"எதுக்குக் கேக்கணும்? எண்ணிட்டேன். எழுபத்தி நாலு."

"எண்ணிட்டு எங்கிட்ட எதுக்குக் கேக்குற?"

"இன்னிக்கு நான் குடிக்க வந்தவன், அதனால சும்மா சொல்றேன். இன்னொரு தடவ இப்படி நடந்துச்சு, பூட்டிருவேன். சிநேகிதம்லாம் அப்புறம்." காலிக் கோப்பையை நீட்டினான். "அந்தப் பார்பெராவுல இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு."

மறுநாள் காலையில் யோலண்டா விஷயத்தை உடைத்தாள். ஒயினுக்குப் பேர்போன நாபா பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனி, தன் கூடத்தை நடத்த அவளைக் கூப்பிட்டிருந்தது. அங்கே போனால் வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்கவேண்டும்.

"நாப்பத்தொம்போது பேர வச்சிக்கிட்டு கிளப் நடத்த முடியாது எல்டன். நம்மள நம்பி வர்றவங்கள மழையில நிறுத்தி எடமில்லன்னு சொல்ற பொழப்பு எனக்கு வேணாம். நீ என்ன சொல்ற?"

எல்டன் ரொட்டியை மென்றபடி சொன்னார்: "உன் இஷ்டம்."

மரியாதையாகத்தான் சொன்னார். அவள் எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள். தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

"சரி," என்றாள் கையைத் துடைத்துக்கொண்டே. "கூடுதலா ஆள் சேக்க அனுமதி கெடைக்குமான்னு நீயே போய்க் கேளு. கெடைச்சா இங்க இருக்கேன். கெடைக்கலன்னா கெளம்புறேன்."

அப்படித்தான் அவர் மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். அவர் கேட்டது எளிய விஷயம். சாதாரண நாளில் நாற்பத்தொன்பதே இருக்கட்டும். கிளப் நாளில் மழை வந்தால் மட்டும் வரம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கட்டும். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதையாகிவிட்டது.

கட்டடப் பிரிவில் இருந்த பெண் கேட்டாள்: "வர்றவங்க நிப்பாங்களா, உக்காருவாங்களா?"

"மொதல்ல நிப்பாங்க. ரெண்டு கோப்பைக்கு அப்புறம் உக்காருவாங்க."

"அப்படி ஒரு கணக்கு இல்ல சார். நின்னா நெறைய பேரு, மேச நாற்காலி போட்டா கொஞ்சம் பேரு. எதுவா இருந்தாலும் அம்பதத் தொட்டா ரெண்டாவது வாசல் வேணும்."

"இருக்கே. டிராக்டர் போற வாசல்."

"அது பக்கவாட்டுல இழுக்குற கதவு. பயந்து ஓடுறவன் இழுக்க மாட்டான், தள்ளுவான். வெளிப்பக்கம் தள்ளுற கதவா வைங்க."

இது ஒன்றுதான் அவருக்குப் புரிந்தது. அடுத்து கழிவுநீர்ப் பிரிவு. கூடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. எத்தனை பேர் கழிப்பறைக்குப் போவார்கள் என்பதே கேள்வி. "அத நான் எப்படிங்க போய்க் கேக்கிறது?" என்று எல்டன் திருதிருவென்று விழித்தார். சாலைப் பிரிவில் ஒரு காருக்கு எத்தனை தலை என்றார்கள். நாயையும் சேர்க்கவேண்டுமா என்று அவர் உண்மையாகவே கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று அங்கே இருந்த ஆள் நினைத்துக்கொண்டான்.

"வளைஞ்சு குடுக்கிற வரம்புன்னு சொல்றீங்க," என்றான் அவன். "வளைஞ்சா அதுக்குப் பேரு வரம்பா?"

மூன்று இடத்திலும் மூன்று எண்ணைச் சொல்லி அனுப்பினார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல வீடு வந்து சேர்ந்தார்.

குளிர்காலம் முழுக்கக் கொடி வெட்டிக்கொண்டே யோசித்தார். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. ராய்ஸ் பூட்டிவிடுவேன் என்று மிரட்டியபோது வயிற்றுக்குள் குளுகுளுவென்று ஒரு சந்தோஷம் ஓடியதே, அது ஏன்? அந்தப் பலகை இத்தனை வருஷமாக அவருக்கு ஒரு கூட்டாளி. அதை எதிர்த்தே இப்போது மனுக் கொடுத்திருக்கிறார். நினைத்தால் வெட்கமாக இருந்தது.

பிப்ரவரியில் யோலண்டா புது இடத்தைப் பார்த்துவரப் போனாள். மலை முழுக்க அவருக்கே அவருக்கு. சூப்பைச் சுடவைத்துக் குடித்தார். ஒரு சத்தம் இல்லை. இதைத்தானே ஆயுசு பூராவும் கேட்டோம் என்று நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் உடனே எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய், எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நடுவில் நின்றார். எதற்கு வந்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கோப்பைகளை வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பினார்.

மார்ச்சில் அவர் மனுவின் மீது மாவட்டக் குழுவின் பொது விசாரணை. மேடையில் குழு உறுப்பினர்கள்; கீழே ஊர். யோலண்டா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தள்ளுகிற கதவு வைத்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று ராய்ஸ் சீருடையில் வந்து சொல்லிவிட்டுப் போனான். பிறகு எல்டனை ஒலிபெருக்கி முன்னால் அழைத்தார்கள்.

குழுத் தலைவி ஹேல்வர்சன் அம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "மிஸ்டர் கசினெல்லி, மூணு பிரிவும் மூணு எண் குடுத்திருக்காங்க. அத விடுங்க. உங்களுக்கு எத்தன பேரு வேணும்?"

"எனக்கா?" என்றார் எல்டன். "எனக்கு ஒருத்தரும் வேணாங்க."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. யோலண்டா தலையைக் குனிந்துகொண்டாள். எல்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. போய் உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தவர், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு பேரு வந்தாலே எனக்கு அதிகம். அவளுக்கு எம்பது பேரு வந்தாலும் பத்தாது. வேணாம்னா அவ போயிருவா. அவ போயிட்டா அந்த மலையில எனக்கு என்ன வேலைன்னு எனக்குத் தெரியல. இந்தக் குளிர்காலம் முழுக்க யோசிச்சுப் பாத்துட்டேன், தெரியலங்க. அதனால எம்பதுன்னே போட்டுக்குங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

எண்பது கிடைத்தது. கிளப் நாட்களுக்கு மட்டும். அதற்கு நிபந்தனைகள் இருந்தன. புதுக் கதவு வைக்கவேண்டும். கூரைக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு தலையும் கணக்கில் சேரும், ஊற்றுகிறவர் உட்பட. வாசலில் ஒருவர், கையில் கோப்பை இல்லாமல், வருகிறவர் போகிறவரை எண்ணவேண்டும். யோலண்டா ஊற்றவேண்டும், அந்த வீட்டில் வேறு ஆள் ஏது? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். கூட்டத்துக்குப் பயந்து ஓடியவர், வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் நின்று வரவேற்கும்படி ஆயிற்று.

நாபாக்காரர்களுக்கு யோலண்டா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அடுத்த நவம்பரும் வந்தது, மழையும் வந்தது. எல்டன் வாசலுக்கு உட்புறம் நின்றார். கைக்கு ஒன்றாக இரண்டு எண்ணும் கருவிகள். வலது கை உள்ளே வருபவருக்கு, இடது கை வெளியே போகிறவருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எந்தக் கை எது என்று குழம்பி, கூடத்தைத் திரும்பி நின்று தலைகளை எண்ணினார். "வாங்க, வாங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

உள்ளே எண்பது நிறைந்தது. வெளியே ஒரு கணவனும் மனைவியும் குடை பிடித்து முறைக்குக் காத்து நின்றார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு யோலண்டா வந்தாள். வண்டியிலிருந்து கோப்பைப் பெட்டி எடுக்கப் போயிருந்தவள். அவள் வெளியேறியதையும் இடது கை எண்ணியிருந்தது. அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்து சேர்ந்துவிட்டார்.

"வெலகு எல்டன். கை வலிக்குது."

"எம்பது ஆயிருச்சு."

"நான் ஊத்துறவ!"

"ஊத்துறவங்களையும் சேத்துதான்னு சொன்னாங்கல்ல?"

உள்ளே ராய்ஸ் கோப்பையும் கையுமாக நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்டன் கூடத்தைப் பார்த்தார். கிளம்புகிற முகம் ஒன்றும் இல்லை. அவளைப் பார்த்தார், முடியெல்லாம் நனைந்து நின்றாள். இடது கையை ஒருமுறை அழுத்திவிட்டு, படியைத் தாண்டி மழைக்குள் இறங்கினார்.

"இப்ப எடமிருக்கு. உள்ள போ."

"நீ?"

"வெளிய நின்னும் எண்ணலாம்."

அவள் போனாள். அவள் போனதும் உள்ளே சத்தம் ஒரு படி ஏறியது. எல்டன் தலையில் மழை இறங்க நின்றார். கூட்டம் உள்ளே, அவர் வெளியே. அவருக்கு எப்போதும் பிடித்த இடம். நியாயமாக அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். கழுத்தை எட்டி எட்டி உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கிழவர் தன் பெட்டியோடு வெளியே வந்தார். இடது கை ஒன்று சேர்த்தது. குடைக்காரர் மனைவியிடம், "நீ மொதல்ல போ" என்று வழி விட்டார்.

"மன்னிச்சுக்குங்க," என்றார் எல்டன், அவர்களுக்கு முன்னால் புகுந்து. "இது என்னோட எடம்."

வலது கையை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனார்.