மூன்றாம் கோர்ட்டில் ஒரு வாளி

போன வருடம், பள்ளி விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம். பினாங்கு ஜார்ஜ்டவுன் நடுவில் இருக்கும் பழைய விளையாட்டரங்கத்தில் நடந்தது. நாங்கள் அதை டேவான் என்றுதான் சொல்வோம். பதினெட்டு வருடமாக அங்கே கூட்டித் துடைப்பது என் வேலை.

ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள் நான். டேவானின் வரலாறு வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. என்னிடம் கேட்டால், கூரை எங்கே ஒழுகியது என்பதை வைத்துத்தான் சொல்வேன். குத்துச்சண்டை மேடை போட்ட காலத்தில், கழிவறைப் பக்கத்து மூலை. கல்யாண விருந்துக்கு வாடகை விட ஆரம்பித்தபோது, மணமக்கள் நாற்காலிக்கு நேர் மேலே; குடை பிடித்துத்தான் போட்டோ எடுத்தார்கள். கோவிட் ஊசிக்கு ஊரே வரிசையில் நின்றபோது, நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில். அங்கெல்லாம் வாளி வைத்தவள் நான். மூன்றாம் கோர்ட்டில் மட்டும் ஒருமுறை பிந்திவிட்டேன். ஆட்டக்காரர் ஒருவர் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

அன்றைக்கு மாநில அணிக்கு ஆள் எடுக்கும் பூப்பந்து ஆட்டம். ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த ஒரு பெண் அதே மூன்றாம் கோர்ட்டில் ஆடினாள். ஜெயித்தால் அணியில் இடம். கடைசி செட், இருபதுக்குப் பத்தொன்பது, அவள் ஜெயிக்க இன்னும் ஒரே புள்ளிதான். அந்த நேரம் பார்த்து மழை சடசடவென்று கூரையில் விழுந்தது.

அந்த மாதம்தான் கூரையை மாற்றி, இனி ஒழுகாது என்று இங்கிலீஷில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். காவலாளி அண்ணன் வாசித்தும் காட்டினார். காகிதத்தில் எழுதிவிட்டால் மழைக்குத் தெரியுமா என்று எனக்குள் ஒரு பயம். அந்தப் பெண்ணின் காலடியில் ஏதோ பளபளத்தது. அவ்வளவுதான், வாளியும் துணியுமாக உள்ளே ஓடிவிட்டேன்.

நான் கோட்டைத் தாண்டிய பிறகுதான் அவள் அடித்த பந்து எதிராளிக்கு எட்டாமல் தரையில் விழுந்தது. ஆள் உள்ளே வந்ததால் அந்தப் புள்ளி செல்லாது, திரும்ப ஆட வேண்டும் என்று நடுவர் சொல்லிவிட்டார்.

குனிந்து தொட்டுப் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது. பளபளத்தது கூரையோடு சேர்த்து மாட்டிய புது விளக்கின் வெளிச்சம்.

மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவர், "ஆன்ட்டி, மீன் பிடிக்கவா வந்தீங்க?" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மூன்று புள்ளிகளையும் அவள் விட்டாள். ஆட்டமே போனது.

அவளுடைய அம்மா என்னிடம் வந்து, "தெனம் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து பிராக்டிஸ் போனா, தெரியுமா? ஒங்களுக்கு என்னா அவசரம்?" என்றார். பின்கதவுக்குப் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அழுதேன். நாளையிலிருந்து வேலைக்கு வருவதில்லை என்று முடிவும் செய்துவிட்டேன்.

அந்தப் பெண்ணே தேடி வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"எதுக்கு அக்கா உள்ள வந்தீங்க?"

கால் முறிந்த கதையைச் சொன்னேன்.

"கோவமாதான் இருக்கு. ஆனா அதுக்கப்புறம் மூணு பாயிண்ட் விட்டது நான்தான்லா." மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேற எங்கெல்லாம் ஒழுகிச்சு, காட்டுங்க" என்றாள்.

டேவான் முழுக்க நடந்தோம். மணமக்களுக்குக் குடை பிடித்த இடத்தில்தான் முதல்முறையாகச் சிரித்தாள். மறுநாள் நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

இந்த வருடமும் அதே தேர்வுக்கு வந்தாள். ஆடுவதற்கு முன் கூரையைப் பார்த்தாள், பிறகு நான் நிற்கும் மூலையைப் பார்த்தாள். தரையைக் கையால் தடவிப் பார்த்து வைத்திருந்த நான் தலையை ஆட்டினேன். அதன் பிறகுதான் சர்வீஸ் போட்டாள். நடுவில் மழையும் வந்தது. வாளிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்தை விட்டு நான் அசையவில்லை.

இடம் கிடைத்துவிட்டது அவளுக்கு. என் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்தப் பயத்தையும் ஒரு பார்வையால் கேட்டுவிட்டு ஆட ஒருத்தி இருக்கிறாள் என்று நினைக்கும்போது, மழைச் சத்தம் முன்போல என்னை ஓட வைப்பதில்லை.