நாலாம் கட்டிலுக்கு ஒரு தட்டு

தட்டைக் கொடுத்ததும் நகர்ந்துவிட மாட்டார் செல்வமலர். மூடியைத் தானே திறந்து, ஆவி பறக்கிறதா என்று பார்த்து, கரண்டியைப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, முதல் வாய் உள்ளே போகும்வரை நிற்பார். தென் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் குழந்தைகள் வார்டில் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவருக்கு இதெல்லாம் வேலை இல்லை. "ஈட், டார்லிங், ஈட்" என்பார். பிள்ளை முகத்தைத் திருப்பினால் தமிழுக்கு மாறிவிடுவார்: "இந்த ஒரு வாய் மட்டும், என்ர குஞ்செல்லே." ஜமைக்காப் பிள்ளையும் போலந்துப் பிள்ளையும் அதற்கு வாய் திறந்திருக்கின்றன.

ஐம்பத்தேழு வயது. நோர்பரியில், ஒரு வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை. கிறிஸ்மஸ் அன்று ஷிப்டுக்கு ஆள் கேட்டால் முதலில் கை தூக்குவது அவர்தான். லீவு நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "என்னத்தைச் செய்யிறது? சமைச்சுப்போட்டு, ஆரும் வருவினமோ எண்டு இருக்கிறது" என்பார் சிரித்தபடி. யாரும் வருவதில்லை. மிச்சக் கறியைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் போட்டுக் குளிர்பெட்டியை நிரப்பி வைப்பார்.

வார்டில் அவருடன் தமிழ் பேச மரினா ஒருத்திதான் உண்டு. மன்னார்ப் பெண், நேர்ஸ். அவளிடமும் பழைய கதையை ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறார். இரண்டாயிரத்து ஒன்பதில், ஊரில் போர் முடியும் தறுவாயில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு துண்டு மண்ணில் சனமெல்லாம் அடைபட்டுக் கிடந்தபோது, கணவர் சண்முகராசா கஞ்சிக்கு வரிசையில் நிற்கப் போனார். வரிசையில் செல் விழுந்து வெடித்தது. "அவ்வளவுதான் பிள்ளை" என்று முடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

சென்ற இலையுதிர்காலத்தில் நாலாம் கட்டிலுக்கு ரீம் வந்தாள். ஒன்பது வயது. காசா நகரம் முற்றுகையில் கிடந்தபோது இடிந்த வீட்டுக்கடியில் கால் நசுங்கிப்போன பிள்ளை, சிகிச்சைக்காகக் கொண்டுவந்திருந்தார்கள். கூடத் தாய் ஹனான். வார்டில் தாய்மாருக்குச் சாப்பாடு கிடையாது. பிள்ளையின் தட்டிலேயே இருவரும் சாப்பிட்டார்கள்.

நாலாம் நாள் விரிப்பு மாற்றப் போன மரினா, மெத்தைக்கு அடியில் ஆறு துண்டு பாண் ரொட்டியும் ஒரு கை நிறையச் சீனிப் பைக்கற்றுகளும் இருக்கக் கண்டாள். எல்லாவற்றையும் எறிந்துவிடும்படி மேலே இருந்து உத்தரவு வந்தது. ஹனான் சுவரோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறு பிள்ளை, எறியாத" என்றார் செல்வமலர். "அவவுக்கு அது சாப்பாடில்லை. அதிருந்தாத்தான் அவவுக்கு நித்திரை வரும்."

அன்று முதல் தினமும் காலையில் பழைய பாணை எடுத்துக்கொண்டு, அதே கணக்குக்கு உறை பிரிக்காத பிஸ்கற் பைக்கற்றுகளை அலமாரியில் வைத்தார். ஹனான் கண் முன்னாலேயே எடுத்தார், கண் முன்னாலேயே வைத்தார். ஒரு வாரத்தில் மெத்தைக்கடி வெறுமையாகி, அலமாரி நிரம்பியது.

"இந்தப் பயம் எப்ப அக்கா விடும்?" என்று மரினா கேட்டாள்.

"எனக்கு இன்னும் விடேல்ல."

பிறகு ரீமுக்கு ஒப்பரேஷன் நாள் வந்தது. வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் அட்டை தொங்கியது. மொழிபெயர்ப்பாளர் முதல் நாளே போனில் விளக்கியிருந்தார்; ஹனான் தலையாட்டியுமிருந்தாள். ஆனால் காலையில் சாப்பாட்டு வண்டி மூன்றாம் கட்டிலில் நின்று, நாலாவதில் நிற்காமல், ஐந்தாவதற்குப் போனபோது, அவள் எழுந்து ஓடிவந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வெளிறும்படி பிடித்திருந்தாள்.

செல்வமலருக்கு அந்தப் பிடி தெரியும். அன்று கஞ்சிக் கிடாரத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டதும், "முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்று யாரோ சொன்னதும், தானும் கிடாரத்தின் காதை அப்படித்தான் பிடித்தார். அந்த 'நாளைக்கு'த்தான் சண்முகராசா வரிசைக்குப் போனது.

ஐந்தாம் கட்டில் காத்திருந்தது. செல்வமலர் ஒரு தட்டை எடுத்தார். பாண், வாழைப்பழம், பால் பெட்டி. மூடியால் மூடி, அதன்மேல் பேனாவால் பெரிதாக 4 என்று எழுதினார். கொண்டுபோய் ஹனானின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"இது பிள்ளையின்ர. ஒருத்தரும் எடுக்கமாட்டினம். காலைச் சரியாக்கிக்கொண்டு வரட்டும், வந்து சாப்பிடட்டும்."

முழுக்கத் தமிழில்தான் சொன்னார். ஹனான் எண்ணைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ரீமைத் தள்ளிக்கொண்டு போனபோதும், மத்தியானம் முழுக்கவும், அந்தத் தட்டு அவள் மடியிலேயே இருந்தது. தனக்கென்று ஒரு துண்டு பிய்க்கவில்லை. செல்வமலரின் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்தது. கோட்டை மாட்டினார், கழற்றினார், இரவுச் சாப்பாட்டு வண்டியையும் தானே தள்ளுவதாகச் சொல்லிவிட்டு நின்றார்.

ஐந்து மணிக்கு ரீம் திரும்பி வந்தாள். கால் தப்பிவிட்டது என்று மரினா வந்து சொன்னாள். இனிச் சாப்பிடலாம். செல்வமலர் சூடான தட்டைக் கொண்டுபோனார். மசித்த உருளைக்கிழங்கும் மீனும். மடியிலிருந்த தட்டை அலமாரியில் வைத்துவிட்டு ஹனான் ஊட்டினாள். நாலு கரண்டி போனதும் பிள்ளை அப்படியே தூங்கிவிட்டாள்.

மிஞ்சியதை ஹனான் முள்ளுக்கரண்டியால் நடுவே கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியைச் செல்வமலரின் பக்கம் திருப்பி, பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை, நீ சாப்பிடு."

ஹனான் தலையசைத்து மறுத்தாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டாள்.

நோயாளிகளின் உணவை ஊழியர் சாப்பிட்டால் வேலை போகும். செல்வமலர் நேர்ஸ்மாரின் மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். கையுறைகளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு கட்டிலைச் சுற்றியிருந்த திரையை உள்ளே நின்றபடியே மெல்ல இழுத்து மூடினார்.