சுற்றுக்குச் சுற்று ஒரு வேண்டுதல்

எறும்பு ஊர்ந்து போனால் காலைத் தூக்கி ஒதுக்கி வைக்கிற மனிதருக்குத் துப்பாக்கி என்று பேர் வைத்தது யாரென்று இப்போது ஒருவருக்கும் நினைவில்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பந்தயக் கார் பாதி ஓட்டத்தில் சக்கரம் மாற்ற வந்து நிற்கிற இடத்தைப் பிட் என்பார்கள். அங்கே முன்பக்கத்து வலது சக்கரத்தின் நட்டைக் கழற்றிப் பூட்டுவது அவர் வேலை. அதற்கான கருவி காற்றழுத்தத்தில் ஓடும். பார்வைக்கும் துப்பாக்கி, சத்தத்துக்கும் துப்பாக்கி. கண் மூடித் திறப்பதற்குள் நட்டு கழன்றிருக்கும். இன்னொரு முறை மூடித் திறந்தால் புதுச் சக்கரம் பூட்டியிருக்கும். "எங்க வீட்டுத் துப்பாக்கி ஒரு ஈயைக்கூடச் சுட்டதில்ல" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில் தொடங்கிய பிழைப்பு அவருடையது. கையின் வேகத்தைப் பார்த்து மஞ்சள் அணிக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். போன புதிதில் ஒரு நாள், அவசரத்தில் நகர்ந்துவிட்ட காரின் சக்கரத்துக்குள் கூட வேலை செய்தவரின் விரல்கள் சிக்கியதை அவர் பார்க்க நேர்ந்தது. அந்த அலறல் அவரை விட்டுப் போகவே இல்லை. அன்றிலிருந்து, கார் உள்ளே வரப்போகிறது என்று காதுக்கருவியில் சேதி வந்ததும், துப்பாக்கியை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "ஆண்டவரே, இங்க இருக்கிற கைகளெல்லாம் வந்த மாதிரியே வீடு போய்ச் சேரணும். உள்ள உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் சேரணும்." வேண்டுதல் அவ்வளவுதான். ஜெயிக்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது கடவுளுக்கு வேறு வேலையில்லை என்று நினைப்பவர்கள் கேட்பது என்பது அவர் எண்ணம்.

அவருக்கு ஒரே தங்கை. அவளைக் கட்டிக்கொண்டவர் நீல அணியில் காருக்குப் பெயிண்ட் அடிப்பவர். கல்யாணம் நடந்த காலத்தில் இரண்டு அணியும் ஒரே கொட்டகையில் பாதிப் பாதி இருந்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். பிறகு பணம் புழங்கியது, பெரிய பந்தயங்கள் வந்தன, கீரியும் பாம்புமாக ஆகிவிட்டார்கள். ஆனால் மச்சானும் மாப்பிள்ளையும் முறைத்துக்கொண்டதே இல்லை. வீட்டுக்குள் வந்தால் வேலைப் பேச்சு எடுக்கக் கூடாது என்று இருவரும் தாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. வாசலில் செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே அணியையும் கழற்றி வைத்துவிடுவார்கள்.

அந்த வருஷம்தான் சனியன் பிடித்தது. பந்தயத்தில் எந்தச் சுற்றில் சக்கரம் மாற்றுவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. தேய்ந்த டயரில் கார் மெதுவாகும்; புது டயரில் சீறும். எதிரியைவிட ஒரே ஒரு சுற்று முந்தி மாற்றிவிட்டால், அவன் மாற்றி வெளியே வருவதற்குள் தாண்டிப் போய்விடலாம். அதற்காக அவசரப்பட்டுவிட்டால் கடைசியில் டயர் கைவிட்டுவிடும். ஆகவே மஞ்சள் அணியின் மேனேஜர் நேரத்தை நெஞ்சுக்குள் வைத்திருந்து, இரண்டு சுற்றுக்கு முன்னால்தான் பிட் ஆட்களின் காதில் சொல்வார். கார் பிட் வாசலில் திரும்பும் வரை ஒருவரும் நாற்காலியை விட்டு எழக் கூடாது என்பது கட்டளை. அப்படியும் பந்தயத்துக்குப் பந்தயம் நீலக் கார் சரியாக ஒரு சுற்று முந்தி உள்ளே வந்தது. சொல்லி வைத்த மாதிரி வந்தது.

ரேடியோவை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று நினைத்து அதை மாற்றினார்கள். பழைய சொற்களை விட்டுவிட்டுக் காய்கறிப் பேர்களில் பேசிப் பார்த்தார்கள். கத்தரிக்காய் என்றால் வா, முருங்கைக்காய் என்றால் இரு. நீலக் கார் கத்தரிக்காய்க்கும் வந்தது. அப்புறம்தான் பேச்சு கிளம்பியது: வெளியிலிருந்து ஒட்டுக் கேட்கவில்லை, உள்ளேயே ஓட்டை இருக்கிறது. ஓட்டை என்றதும் எல்லோர் கண்ணும் நீல அணியில் மாப்பிள்ளை வைத்திருந்தவர் மேல் விழுந்தது.

காரைத் தூக்குகிற ஜாக்கிக்காரர் சாப்பாட்டு மேசையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "துப்பாக்கி நம்ம கையிலதான் இருக்கு. குண்டு எங்க போய் விழுதுன்னுதான் தெரியல."

துப்பாக்கிக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

மேனேஜர் நியாயஸ்தர், பார்க்காமல் தண்டிக்கிறவர் அல்ல. ஒரு பந்தயத்தில், சொல்லாமல் கொள்ளாமல் துப்பாக்கிக்காரரின் காதுக்கருவியை மட்டும் செத்துப்போகும்படி செய்துவிட்டார். மற்றவர்களுக்குச் சேதி போனது, அவருக்குப் போகவில்லை. கார் திரும்புவதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் எழுந்தார். அன்றைக்கு நீலக் கார் முந்தி வரவில்லை. தடுமாறிப்போய்ப் பிந்தி வந்தது.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மேனேஜர் அவரைத் தனியே கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த பந்தயத்துக்கு முன்னாடி முதலாளிகிட்ட நான் பேர் சொல்லியாகணும். அதுவரைக்கும் வீட்ல இருங்க."

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல சார்."

"உங்க காதை அடைச்சேன், அவங்க கண்ணு அடைஞ்சுபோச்சு. நான் என்னன்னு நினைக்க, நீங்களே சொல்லுங்க."

கள்ளன் என்று பேர் வாங்கிக்கொண்டு, இந்த வயதில் பஞ்சர் கடை வாசலில்கூடப் போய் நிற்க முடியாது. அதைவிட வலித்தது தங்கை சொல்லியனுப்பிய வார்த்தை. நீல அணியிலும் அவள் புருஷனை ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். மச்சானிடம் எதை விற்றாய் என்று கேட்கிறார்களாம். கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வர வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிட்டாள். மத்தளம் மாதிரி அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் அடி.

வீட்டில் அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சும்மா உட்காரத் தெரியாதவள். டிவியில் பழைய பந்தயங்களைத் திரும்பப் போட்டார்கள். துணி மடித்துக்கொண்டே அதைப் பார்த்தாள். பந்தயம் அவளுக்குப் புரியாது. புருஷன் முகம் எப்போது வரும் என்று பார்ப்பாள். டிவிக்காரர்கள் அடிக்கடி பிட்டைக் காட்டுவார்கள்.

"என்னங்க, வரிசையா எல்லாரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. உங்க தலை மட்டும் குனியுது, பாருங்க."

"வேண்டிக்கிறேன்."

"நீங்க வேண்டி முடிச்சதும் உங்க வண்டி வராம அந்த நீல வண்டில்ல உள்ள வருது? ஆண்டவருக்கு விலாசம் தப்பாச் சொல்லிட்டீங்களா?"

கேலியாகத்தான் சொன்னாள். அவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அடுத்த பந்தயம் போட்டார்கள். துப்பாக்கி நெற்றிக்குப் போனது; நீலக் கார் உள்ளே திரும்பியது. அதற்கடுத்ததும் அப்படியே. ஓட்டை அவர்தான். வாய் மூடிக்கொண்டிருந்தது, நெற்றி சொல்லிக்கொடுத்துவிட்டது. அன்றைக்குக் காதுக்கருவி செத்திருந்ததால் அவருக்குச் சேதி வரவில்லை; சேதி வராததால் வேண்டவில்லை; வேண்டாததால் நீலக்காரர்களுக்குக் கண் குருடாகிவிட்டது.

வேறொருவராக இருந்தால், நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிடுவார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனார். "சார், நீங்க சொன்னது சரிதான். என் வழியாத்தான் போயிருக்கு" என்று ஆரம்பித்தார். மேனேஜருக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு அணியின் சொந்தக் காமிரா எடுத்த படங்களைப் போட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் பத்திரிகைப் படக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோருடைய காமிராவும் பாதையைப் பார்த்திருக்க, ஒருவனுடைய நீளக் காமிரா மட்டும் பிட்டை விட்டு அசையவே இல்லை. எந்தப் பந்தயத்தை எடுத்தாலும் அதே ஆள், அதே இடம். துப்பாக்கிக்காரர் தலை குனிந்ததும் அவன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்வான். நீல அணி அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, நெடுநாளைக்குப் பிறகு சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. "நல்லதாப் போச்சு. அடுத்த பந்தயத்துல நான் கண் காட்டும்போது நீங்க சும்மா தலை குனிஞ்சா போதும். அவன் முட்டாளாயிடுவான்."

"அது என்னால ஆகாது சார்."

"நடிப்புத்தானே?"

"ஆண்டவரை ஏமாத்து வேலைக்குத் துணைக்குக் கூப்பிட முடியாது."

"சரி, வேண்டாமலே இருங்க."

"அதுவும் ஆகாது. கையில விரல் இல்லாம ஒருத்தர் வீட்டுக்குப் போனதைப் பார்த்தவன் நான்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்படியும் முடியாது, அப்படியும் முடியாது என்றால், துப்பாக்கியை வேறு ஆள் கையில் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்று வருத்தத்தோடுதான் சொன்னார். இரண்டு நாள் யோசித்துச் சொல்லச் சொல்லி அனுப்பினார்.

மனைவியிடம் சொன்னபோது அவள் துணியை உதறிக்கொண்டே கேட்டாள்: "ஆமா, சக்கரம் மாத்துற நேரத்துல மட்டும் அந்தப் பிள்ளைக்கு ஆபத்தா? மத்த சுத்தெல்லாம் மெத்தை மேலயா ஓட்டுறான்?"

மறுநாள் காலையில் அவர் மேனேஜரிடம் போய், எல்லாச் சுற்றுக்கும் வேண்டிக்கொள்கிறேன், அதில் பொய்யே இருக்காது என்றார்.

பந்தய நாள் வந்தது. வெயில் கொளுத்தியது. கொடி அசைந்து கார்கள் கிளம்பின. முதல் சுற்றிலேயே துப்பாக்கி நெற்றிக்குப் போனது. எதிர்ச்சுவரோரம் தொப்பிக்காரன் திடுக்கிட்டான். முதல் சுற்றில் யார் டயர் மாற்றுவார்கள்? இரண்டாம் சுற்றிலும் தலை குனிந்தது. மூன்றாம் சுற்றிலும். ஒவ்வொரு சுற்றுக்கும் உண்மையாக ஒருவருக்காக வேண்ட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. ஓட்டுகிற பிள்ளைக்கு, டயர் தூக்குகிறவர்களுக்கு, வாய்த்துடுக்கு ஜாக்கிக்காரரின் முதுகுவலிக்கு, மேனேஜரின் தூக்கத்துக்கு, தங்கைக்கு, மாப்பிள்ளைக்கு என்று பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்கும்படி முணுமுணுத்து வேண்டினார். சொந்த ஆட்கள் தீர்ந்துபோனார்கள், சுற்றுகள் தீரவில்லை. நீலக் காரை ஓட்டுகிறவனுக்கு வேண்டினார். அந்த அணியில் தன்னைப் போலவே துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு வேண்டினார். கடைசியில், வெயிலில் நிற்கிற அந்தத் தொப்பிக்காரனுக்கு மண்டை காயாமல் இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார்.

தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். நீல அணியின் பிட்டில் ஆட்கள் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். இரவல் கண்ணால் பார்த்தே பழகிய அவர்களுக்குச் சொந்த டயரைக் கணிக்கும் புத்தி மழுங்கிப்போயிருந்தது. பொறுமை போய், சுற்றுகள் பாதிகூட ஆவதற்கு முன்பே காரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மேனேஜர் அசையவில்லை. டயரில் இருந்த உயிரெல்லாம் பிழிந்து முடிந்த பிறகுதான் காதில் சேதி வந்தது. அப்போதும் துப்பாக்கிக்காரர் தலை குனிந்தார். அது இன்னொரு குனிவோடு குனிவாகப் போயிற்று. மஞ்சள் கார் வந்து நின்றது. நட்டு கழன்றது, சக்கரம் மாறியது, நட்டு ஏறியது. முடிந்தது என்று கை மேலே போனது. கார் சீறிக்கொண்டு புறப்பட்டது. அத்தனை விரலும் அவரவர் கையில் இருந்தன.

கடைசிச் சுற்றுகளில் நீலக் கார் எண்ணெய் தடவிய தரையில் நடக்கிற மாதிரி வளைவுக்கு வளைவு வழுக்கியது. மஞ்சள் கார் அதை எட்டிப் பிடித்தது, ஒட்டி ஓடியது, நேர்ப்பாதையில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் தாண்டியது. கொடி இறங்கியபோது பின்னால் வந்தவன் புள்ளியாகத்தான் தெரிந்தான். ஜாக்கிக்காரர் ஓடி வந்து துப்பாக்கிக்காரரைக் காரைத் தூக்குகிற மாதிரியே தூக்கினார். "அண்ணே, என் முதுகுக்கு வேண்டிக்கிட்டீங்களாமே. பாருங்க, வலியே தெரியல" என்றார். தான் சொன்ன சொல்லுக்கு அவரால் கேட்க முடிந்த மன்னிப்பு அதுதான்.

பந்தயக் கமிட்டிக்காரர்கள், மேனேஜர் கொடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு தொப்பிக்காரனை விசாரித்தார்கள். கழுத்தில் தொங்கியது பத்திரிகைக்காரனுக்கான அனுமதிச் சீட்டு, உள்ளே இருந்தது நீல அணிச் சம்பளக்காரன். அந்த வருஷம் அந்த அணி வாங்கிய புள்ளிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பெயிண்ட் அடிக்கிறவருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது அத்தனை பேர் முன்னிலையிலும் தெளிவாயிற்று.

கோப்பை வாங்குகிற மேடைக்கு அணிக்கு ஓர் ஆளைக் கூப்பிடுவது வழக்கம். மேனேஜரோ, எஞ்சினீயரோ போவார்கள். மேனேஜர் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். "நீங்க போங்க. நான் உங்களைக் கள்ளன்னு நினைச்சேன். அதை உலகமே பார்க்க நான் அழிக்கணும்." துப்பாக்கிக்காரர் கிரீஸ் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே ஏறினார். கோப்பை கனமாக இருந்தது. கீழே ஒரே கூச்சல்.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, நீலச் சட்டையைக்கூட மாற்றாமல், அவர் மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். பின்னால் அவர் அணிக்காரன் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவர் உதறிவிட்டு மேடைக்கு அடியில் வந்து நின்றார்.

"தோத்துட்டோம் மச்சான்."

"தெரியும் மாப்பிள்ளை. உங்களுக்கும் ஒரு சுத்து வேண்டிக்கிட்டேன்."

"அதான் எங்க வண்டி உடையாம வந்து சேர்ந்துச்சு. இறங்குங்க, உங்க தங்கச்சி வீட்டு வாசல்ல நிக்கிறா. உங்களைக் கூட்டிட்டு வராம என்னை உள்ள விடமாட்டாளாம்."

அவர் கோப்பையை மேனேஜரின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். மஞ்சள் சட்டையும் நீலச் சட்டையும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, இரண்டு அணியும் பார்க்க, நடுப்பாதை வழியாகவே நடந்து வெளிவாசலுக்குப் போனார்கள்.